பொன்முலாம் சோபாவுக்கு அடியில்

மித்ஹத்: இந்த ஒண்ணை மட்டும் கழட்டிடு ஷஹீரா. மத்த படமெல்லாம் இருக்கட்டும். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

ஷஹீரா: அண்ணா, என் ஓவியக் கண்காட்சி அழைப்பிதழ்ல அச்சடிச்சதே இந்தப் படத்தைத்தான். இதைக் கழட்டினா வர்றவங்க ஆணியையா பாப்பாங்க?

மித்ஹத்: அழைப்பிதழ்ல கட்டைவிரல் அளவுதான் இருந்துச்சு. ஏதோ ஒரு சோபான்னு நினைச்சேன். இங்க வந்து பாத்தா சுவர் முழுக்க... நம்ம வீட்டு விருந்தாளி அறை! அம்மா சாவி போட்டுப் பூட்டி வச்சிருந்த அதே அறை!

ஷஹீரா: அலெக்சாந்திரியாவுல எந்த வீட்டுலதான் அந்த அறை பூட்டிக் கிடக்கலை? நாம தரையில நெருக்கியடிச்சு உக்காந்து டிவி பாப்போம். பொன்முலாம் சோபா மட்டும் வெள்ளைத் துணி போத்திக்கிட்டு சுகமாத் தூங்கும்.

மித்ஹத்: அது போகட்டும். சோபாவுக்கு அடியில நீட்டிக்கிட்டிருக்கே, அது என்ன?

ஷஹீரா: காலு.

மித்ஹத்: யாரு காலு?

ஷஹீரா: பொதுவா... ஒரு பையனோட காலு.

மித்ஹத்: பச்சைக் கோடு போட்ட பைஜாமா! நம்ம தெருவுலயே அது என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. சரி, நீயும்தானே அடியில கிடந்தே? உன் காலு எங்கடி?

ஷஹீரா: நான் அப்ப சின்னப் பொண்ணு. முழுசா உள்ள அடங்கிட்டேன்.

மித்ஹத்: ஆறு வயசுலயே பூசணிக்கா மாதிரி இருந்தவ... அடங்கிட்டாளாம்!

ஷஹீரா: வரையறவளுக்கு அந்தச் சலுகைகூட இல்லையா?

மித்ஹத்: விளையாடாதே. இன்னும் அரை மணியில ஸபினாஸ் சித்தி வந்துடுவாங்க. சோபா மெத்தையில இந்தச் சிவப்புக் கறையைப் பாத்தாங்கன்னா...

ஷஹீரா: நாப்பது வருஷம் ஆச்சு. என்ன ஞாபகம் இருக்கப் போவுது?

மித்ஹத்: தன்னைப் பொண்ணு கேட்டு வந்தவங்க பாதியில எந்திரிச்சுப் போனதை யாராவது மறப்பாங்களா? ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணினதும் குடுக்கணும்னு ரோஜா சர்பத் கலக்கி அந்த அறையில வச்சிருந்தாங்க. நாம பால்கனி வழியாப் புகுந்து...

ஷஹீரா: நீ ஜாடியோட கவுத்தே.

மித்ஹத்: நீ இழுத்தே!

ஷஹீரா: நீ விடலை!

மித்ஹத்: சரி... ரெண்டு பேரும். மெத்தையைத் திருப்பிப் போட்டோம். கறை அடியில போயிடுச்சு. யாரோ கதவைத் திறக்கற சத்தம் கேட்டு சோபாவுக்கு அடியில புகுந்து, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டோம். மாப்பிள்ளையோட அம்மா வந்து அதே மெத்தை மேல உக்காந்தாங்க. எந்திரிச்சப்போ...

ஷஹீரா: சந்தனக் கலர் பட்டு கவுன். பின்னாடி சர்பத் கலர்ல ஒரு பெரிய வட்டம்...

மித்ஹத்: சிரிக்காதே! "உக்கார இடம் சுத்தமா வச்சுக்கத் தெரியாத வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்"னு படிக்கட்டு பூரா கத்திக்கிட்டே போனாங்க. தாத்தா ஒரு வாரம் யார்கிட்டயும் பேசலை. சித்தி அதுக்கப்புறம் கல்யாணமே வேண்டாம்னுட்டு மருந்துக்கடையே கதின்னு இருந்துட்டாங்க. நம்மாலடி... எல்லாம் நம்மாலதான்.

ஷஹீரா: ஓ! அதான் வெள்ளிக்கிழமை தவறாம அவங்களுக்கு மீன் வாங்கிட்டு ஓடறியா?

மித்ஹத்: அவங்க தெரு மார்க்கெட்டுல... மீன் நல்லா இருக்கும்.

ஷஹீரா: செதில் எடுத்து, குடல் எடுத்து, அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி முள்ளு பொறுக்கி...

மித்ஹத்: மனசு கேக்கலைடி! வேற என்ன பண்ணச் சொல்றே? தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க. எனக்கு அம்மா போனப்புறம் அவங்கதானே...

ஷஹீரா: எனக்கும் பயமாத்தான் இருக்கு அண்ணா. வாயால சொல்ல வரலை. அதான் வரைஞ்சேன்.

மித்ஹத்: வாயால சொல்ல வரலைன்னு சுவர் அளவுக்கு மாட்டிட்டியா? அதுவும் என் காலை மட்டும்!

ஸபினாஸ்: யாரு காலுடா?

மித்ஹத்: சித்தி! நீங்க... ஏழு மணிக்குத்தானே...

ஸபினாஸ்: டிராம் இன்னிக்குன்னு பாத்து நேரத்துக்கு வந்துடுச்சு. ஏண்டா கையை விரிச்சுக்கிட்டு சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறே?

மித்ஹத்: முதுகு வலி சித்தி... சாய்ஞ்சா கொஞ்சம் இதமா...

ஷஹீரா: அண்ணா, பெயின்ட் இன்னும் காயலை.

மித்ஹத்: ஐயோ, சட்டை!

ஷஹீரா: சும்மா சொன்னேன்.

ஸபினாஸ்: அப்பாடா, நகர்ந்தான். என் கைப்பையில கண்ணாடி இருக்கு பாரு ஷஹீரா, எடு.

மித்ஹத்: அந்தப் பக்கம் ஒரு படம் இருக்கு சித்தி... அம்மா மொட்டை மாடியில துணி காயப்போடறாங்க, அப்படியே உசிரோட...

ஸபினாஸ்: சும்மா இருடா. ம்ம்... நம்ம சோபா. திரைச்சீலை. சர்பத் ஜாடி. மெத்தையில... ஓஹோ. அடியில பச்சைக் கோடு போட்ட பைஜாமா.

ஷஹீரா: சித்தி...

ஸபினாஸ்: ம்ம்...

மித்ஹத்: நான்தான் சித்தி! நான்தான் கவுத்தேன். உங்க வாழ்க்கையை நான்தான்... கன்னத்துல நாலு அறை விடுங்க. வாங்கிக்கறேன்.

ஷஹீரா: நானும்தான் சித்தி. என் காலை மறைச்சுட்டேன்.

ஸபினாஸ்: அழாதேடா. தாடி நரைச்சவன் மூக்கை உறிஞ்சினா பாக்கச் சகிக்கலை. ஒண்ணு கேக்கறேன். மெத்தையைத் திருப்பிப் போட்டீங்க இல்லே?

மித்ஹத்: சத்தியமாப் போட்டோம் சித்தி.

ஸபினாஸ்: ஒரு சாண் கனத்துக்குப் பஞ்சு அடைச்ச மெத்தை. கறை அடியில. அப்புறம் மேல உக்காந்தவ கவுன்ல எப்படிடா பட்டுச்சு?

மித்ஹத்: ஊறி... மேல வந்திருக்கும்...

ஸபினாஸ்: நாப்பது வருஷமா இதையா நம்பிக்கிட்டிருக்கே?

ஷஹீரா: சித்தி... நீங்க என்ன சொல்றீங்க?

ஸபினாஸ்: பார்மசி படிப்பு முடிய எனக்கு ஒரு வருஷம் பாக்கி. அந்த ஆளு, படிச்சவரைக்கும் போதும்னுட்டான். உங்க தாத்தாவோ வாக்குக் குடுத்துட்டாரு, அவர்கிட்ட எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கலாம்னு கதவைத் திறந்தா, மெத்தைக்கு அடியிலேர்ந்து சிவப்பாச் சொட்டுது, கீழே பச்சைக் கோடு போட்ட ரெண்டு காலு வெடவெடன்னு நடுங்குது. சத்தம் போடாம மெத்தையைத் தூக்கி, கறையை மறுபடி மேல வச்சு, பூப்போட்ட மெல்லிசுத் துணி ஒண்ணை விரிச்சேன். அப்புறம் வாசலுக்குப் போய் அந்த அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, "இங்க உக்காருங்க, இதுதான் நல்லா மெத்துன்னு இருக்கும்"னு உக்கார வச்சேன்.