குறட்டை விடும் மீன்

"ஹலோ... ஆங், கேக்குது அத்தான்... காய்ச்சல் விட்டுருச்சு, நாளைக்கு வந்துருவேன்... எந்தப் பொண்ணு?"

டீச்சர் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். பேசுகிறவர் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், வீட்டில் அக்கா புருஷன். இப்போது தலைமையாசிரியர் அவதாரம் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது.

"ம்... ம்... காலையில அசெம்பிளியில வாசிச்சீங்களா? எதை?... இல்ல, சிரிக்கல, இருமல். சொல்லுங்க... குறட்டை விடுற மீனா?... லேப் கம்ப்யூட்டர்ல பாத்தீங்களா. சரிதான். அத்தான், அந்த மீனைப் பெத்தவளே நான்தான்... ஆமா, ஆமா, நானே எழுதி, நானே படம் ஒட்டி வச்சேன். புள்ளைங்க பாத்ததையெல்லாம் நம்புதுங்களா, விசாரிக்குதுங்களான்னு தெரிஞ்சுக்க... ஏழாங்கிளாஸுக்கு விரிச்ச வலையில நீங்க போய் விழுந்தா நான் என்ன பண்றது?... குறட்டைன்னதும் நம்ம சொந்தக்காரன்னு நம்பிட்டீங்க போல. அக்காவைக் கேட்டா அவளும் அதைத்தான் சொல்லுவா... சரி, சரி, கோவப்படாதீங்க. பொண்ணு என்ன பண்ணினா?... எல்லார் முன்னாடியும் 'இதை யாரு கண்டுபிடிச்சது சார்'னு கேட்டாளா... அவளா?... அதுக்கு வெளிய நிக்க வச்சு, அப்பாவைக் கூட்டிட்டு வான்னுட்டீங்களாக்கும்."

வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லக்கூட வாய் திறக்காத பெண் அவள். இன்றைக்கு அந்த வாயை அடைத்தால் இனி எந்த நாளும் திறக்கமாட்டாள்.

"அத்தான்... இல்ல, சார்னே கூப்பிடறேன். அவ மரியாதையில்லாம கேக்கல, நான் சொல்லிக் குடுத்ததைக் கேட்டிருக்கா. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அப்பாவை மட்டும் வரச் சொல்லாதீங்க... ஆமா... ஆமா, உங்க மானம் கப்பலேறாம நான் பாத்துக்கறேன்... வாசல்லதான் நிக்கறாளா? போனை அவகிட்ட குடுங்க."

கை மாறும் வரை டீச்சர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ... கண்ணு, டீச்சர் பேசறேன். பயப்படாத. நீ கேட்டது ரொம்ப சரி. சார் ஒண்ணும்... என்னது?... நான்தான்னு எப்படி நம்பறதா?... ஆமா, அடுத்தவங்க குரலைக்கூட மிஷின் அப்படியே பண்ணிரும்னு சொன்னேன்... ஆமா, சந்தேகம் வந்தா கட் பண்ணிட்டு, தெரிஞ்ச நம்பருக்கு நாமளே கூப்பிடணும்னும் சொன்னேன். ஆனா கண்ணு, அது சாரோட போனு, அவரு பக்கத்துலயே... ஹலோ? ஹலோ?"

தலைமையாசிரியரின் போனை, அவர் எதிரிலேயே நின்று, அந்தப் பெண் கட் பண்ணிவிட்டாள்.