தம்பியின் ஏவுகணை

கம்பெனி பஸ் மண்ணூரைத் தாண்டும்போது, முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த திருநெல்வேலி இளைஞரிடம் சொன்னார்: “ஹெலிகாப்டருக்கு பவர ஏத்திவுட்டு எந்தம்பிய மூலையில முடக்கிட்டானுங்க.”

“கேம்லயாண்ணே?”

“ஆமா. பிரஸ் மெஷின்ல விரலுங்க போனதுலேர்ந்து, டாங்கியில மிசைல் வுடறது ஒண்ணுதான் அவனால முடியும். பறக்கற மிசைல கட்டைவிரலாலயே திருப்பலாம். புது அப்டேட்ல ஹெலிகாப்டர் ஈசியா தப்பிச்சிடுது. இப்ப போனையே தொட மாட்றான்.”

“நான் ஹெலிகாப்டர் ஓட்டுதேன். தப்பிக்காம நிக்கேன்.”

“வேணாம்பா. விட்டுக்குடுத்தா கண்டுபிடிச்சிடுவான். நொந்துடுவான்.”

இளைஞர் தன் போனை எடுத்தார். “அப்ப நெசமாவே அடிக்கேன். அவன் தோத்தா என்னயத் திட்டுவானோ?”

“திட்டுவான். திட்டட்டும்,” என்றார் அண்ணன். “அவன் வாயத் தொறந்தே நாளாச்சு.”