வெட்டினவன் கையெழுத்து

— முடியாது. போட மாட்டேன்.

— ஒரு கையெழுத்துப்பா! உன் சொத்தையா எழுதித் தரச் சொன்னேன்? முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி என் கட்டுரையிலேருந்து நீ வெட்டின கடைசிப் பத்தியைத் திரும்பச் சேர்க்கணும். அவ்வளவுதானே?

— எழுதினவ நீ. சேர்த்துக்கோ. நான் எதுக்கு?

— அடடா, ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்காதே. "வெட்டினவன் கையெழுத்து இல்லாம வெட்டினது உள்ளே வரக்கூடாது." இந்தச் சுவத்துல எழுதி ஒட்டினது யாரு? நீதானே? இப்ப இருக்கற பசங்க அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்காங்க, பாரு. ஆசிரியரா இருக்கற பொண்ணுகிட்டக் கெஞ்சிப் பார்த்துட்டேன். "கத்திரி சார் கையெழுத்து போட்டாத்தான் மேடம்"னு ஒத்தக்கால்ல நிக்குது.

— கத்திரி சாரா? பேர் தெரியாதா அதுக்கு?

— எப்படித் தெரியும்? பழைய இதழ் எல்லாத்துலயும் "துணை ஆசிரியர்: கத்திரி"ன்னுதானே இருக்கு? சரி, நாலு மணிக்கு நம்ம கல்லூரி இதழோட ஐம்பதாவது ஆண்டு மலர் அச்சுக்குப் போகுது. இப்பவே மூணேகால். உக்காரு முதல்ல. அந்த மேஜை மேல சாயாதே, ஆடும்.

— அதே மேஜையா?

— அதேதான். கால் மட்டும் இன்னும் சரியாகல.

— அடியில மடிச்சு வைப்போமே, ஒரு இதழ்.

— கல்லூரி முதல்வர் பேச்சு முழுசா வந்த இதழ்! அது ஒண்ணுக்குத்தான் அது உருப்படியா பயன்பட்டுச்சு.

— சத்தமா சொல்லாதே. பக்கத்து ரூம்ல பசங்க இருக்காங்க.

— இருக்கட்டுமே. நாம எப்படிப் பத்திரிகை நடத்தினோம்னு தெரிஞ்சுக்கட்டும். "விழா இனிதே நடைபெற்றது"ன்னு எவனாவது எழுதிட்டா, தெருக்கோடிக் கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரணும். மழையா இருந்தாலும் போகணும். நீ போட்ட தண்டனைதான்.

— நீயே ஏழு தடவை போயிருக்கே.

— எண்ணி வச்சிருக்கான் பாரு, பாவி! "முதல் வரியில யாராவது ஏதாவது செஞ்சுக்கிட்டு இருக்கணும். பெரிய மனுஷங்க வேண்டாம். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே ஆள் கூட இரு. நோட்டை மத்தியானத்துக்கு அப்புறம் திற." எங்கேருந்துதான் பிடிச்சியோ இதையெல்லாம். இன்னிக்கும் என் வகுப்புல இதைத்தான் சொல்லிக் கொடுக்கறேன், தெரியுமா?

— "ஒரு ஆள், ஒரு நாள்."

— ஆமா! அந்தப் பக்கத்தைப் படிக்கத்தானே இதழையே எடுப்பாங்க. சைக்கிள் ஸ்டாண்ட் அக்காவைப் பத்தி எழுதினோமே, ஞாபகம் இருக்கா? எந்த சைக்கிள் பக்கத்துல எந்த சைக்கிள் நிக்குதுன்னு பார்த்தே, யாருக்கு யார் மேல கண்ணுன்னு சொல்லிடும்.

— இதழ் வந்த மறுநாள் பாதிப் பேர் நடந்து வந்தாங்க.

— எனக்கு மூச்சு முட்டுது, சிரிக்க வைக்காதே. என்ன நாளுப்பா அது! கையெல்லாம் மை, ஒரு நாற்காலிக்கு அஞ்சு பேர் அடிச்சுக்குவோம். அதுல உன்னோட நான் சண்டை போடாத நாளே கிடையாது. ஆனா ஒரு சண்டைதான் ஆறல. மணியண்ணன் கட்டுரை.

— அதை விடேன்.

— எப்படி விடறது? கல்லூரி மணி அடிக்கிறவர். அந்த மனுஷன் யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டார். ஊர்ப் பத்திரிகைக்காரங்க வந்தப்பவே "வேலை இருக்கு, போங்க"ன்னுட்டார். என்கிட்ட ஒரு நாள் முழுக்கப் பேசினார். அதுதான் நான் எழுதினதுலயே நல்ல கட்டுரை. அம்பது வருஷத்துல வந்த கட்டுரைகள்ல சிறந்ததுன்னு பசங்களே தேர்ந்தெடுத்திருக்காங்க.

— "மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவர் செருப்பைக் கழற்றிவிடுவார். பரீட்சை எழுதுகிறவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்கக் கூடாது."

— முதல் வரி! இன்னும் மனப்பாடமா வச்சிருக்கியா?

— ம்.

— அவ்வளவு பிடிச்சுதுன்னா ஏன்டா கடைசிப் பத்தியில கை வச்சே? சும்மா சொல்லக் கூடாது, மத்த இடத்துல எல்லாம் நல்லாத்தான் திருத்தினே. மடச்சி நான், ஒரு நாள் பூரா கூட இருந்துட்டு அவர் பேரைக் கேக்கலையே! நீதான் முதலெழுத்தோட முழுப் பேரைச் சேர்த்தே. எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்டா "ஆபீஸ்ல விசாரிச்சேன்"னே. எவ்வளவு கவனமான ஆளுன்னு அன்னிக்கு நான் அசந்து போனேன்.

— உன்கிட்ட மட்டும் ஏன் பேசினாராம்?

— என் வாய்ச் சாமர்த்தியம்தான், வேறென்ன? முதல்ல மசியல. "இதை யாரும்மா திருத்துவாங்க?"ன்னு கேட்டார். "கத்திரின்னு ஒருத்தன் இருக்கான். ஜன்னலோரமா கட்டம் போட்ட சட்டையில உக்காந்திருப்பானே, அவன்தான்"னேன். அந்த ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் "சரி, கேளு"ன்னார். ஏன் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? தண்ணி வேணுமா?

— வேண்டாம். இதை நீ சொன்னதே இல்லையே.

— எங்கே சொல்ல விட்டே? இதழைப் பிரிச்சா கடைசிப் பத்தியே இல்ல. கேட்டா "இடம் பத்தல"ன்னே. அதே பக்கத்துல கீழே பேச்சுப் போட்டி முடிவு போட்டிருந்தே! பதினோரு வரி! அளந்து பார்த்தேன். அன்னிக்குப் பேச்சை நிறுத்தினவதான். வருஷக் கடைசியில எடுத்த போட்டோவுல கூட நீ ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். உண்மையைச் சொல்றேன், அப்புறம் அதுக்காக நிறைய அழுதிருக்கேன். கட்டுரைக்காக இல்ல. உன்னை மாதிரி ஒரு சிநேகிதன் எனக்கு அப்புறம் கிடைக்கல.

— எனக்கும்தான்.

— நீ என்னடான்னா பாடப்புத்தகத்துல அச்சுப்பிழை பார்க்கப் போயிட்டே. எவ்வளவு பெரிய எடிட்டரா வந்திருக்கணும் நீ!

— அதுக்கப்புறம் யார் எழுத்துலயும் கை வைக்கல. பிழை மட்டும்தான் பார்த்தேன். சரி, படி.

— எதை?

— அந்தப் பத்தியை. கையில வச்சிருக்கேல்ல?

— என் பழைய நோட்டு. இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். "மதிய மணி அடித்ததும் மணியண்ணன் தன் சாப்பாட்டை இரண்டாகப் பிரிக்கிறார். பெரிய பாதியை ஒரு டப்பாவில் வைத்து, பொருள் கிடங்கின் பின்பக்க ஜன்னலில் வைத்துவிட்டு வருகிறார். யாருக்கு என்று கேட்டேன். 'எடுத்துக்கறவங்களுக்குத் தெரியும், அது போதும்' என்று சிரித்தார். பிறகு போய்ப் பார்த்தேன். சாப்பிட்டவர் யாரோ, காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்." இதைப் போய் வெட்ட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

— அதுல ஒரு தப்பு இருக்கு.

— என்ன தப்பு? கண்ணால பார்த்து எழுதினது!

— டப்பாவைக் கழுவினது சாப்பிட்டவன் இல்ல. அவன் ஒரு நாளும் கழுவினதில்ல. சாப்பிட்டுட்டு அப்படியே வச்சுட்டு ஓடி வந்துடுவான். அவர்தான் வந்து கழுவிக் கவிழ்ப்பார்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— நான்தான் வச்சுட்டு ஓடி வருவேன்.

— நீயா?

— அவர் என் அப்பா.

— மணியண்ணனா?

— சேர்ந்த முதல் வாரமே ஒருத்தன் கேட்டான், உங்கப்பா என்ன பண்றார்னு. வெளியூர்ல இருக்கார்னு சொல்லிட்டேன். அப்புறம் மூணு வருஷமும் அவர் வெளியூர்லயேதான் இருந்தார், இங்கேருந்து நூறு அடியில. எதிர்ல வந்தா நான் நோட்டைப் பார்ப்பேன், அவர் மணியைப் பார்ப்பார். எங்களுக்குள்ள அப்படி ஒரு ஏற்பாடு.

— கடவுளே. நான் இவ்வளவு நாளா, வருஷா வருஷம், வகுப்புல உன்னை நிக்க வச்சுத் திட்டிக்கிட்டு இருக்கேனே! "நல்ல கட்டுரையை ஒரு எடிட்டர் எப்படிக் கொல்லுவான்"னு.

— சரியாத்தான் திட்டியிருக்கே. யாராவது ஜன்னல்கிட்டப் போய் ஒளிஞ்சு பார்த்துடுவாங்களோன்னு பயந்து வெட்டினேன். வெக்கமா இருந்துச்சு. அவரைப் பார்த்து வெக்கப்பட்டேனேங்கற வெக்கம்தான் இன்னும் போகல.

— வேண்டாம்பா. கையெழுத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடறேன், பழைய மாதிரியே போடட்டும்.

— அந்த நோட்டை மூடாதே.

— அப்பா அந்தக் கட்டுரையைப் படிச்சாரா?

— இதழ் வந்த அன்னிக்குச் சாயங்காலம், வீட்டுல. எழுத்துக்கு அடியில விரலை வச்சு, வரி வரியா. முடிஞ்சதும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் தொடருதோன்னு.

— ஐயோ. கோவிச்சுக்கிட்டாரா?

— இல்ல. பேனாவைக் கொடு. பக்கத்துல எவ்வளவு இடம் விட்டிருக்காங்க?

— பதினாலு வரிக்கு. நிஜமாவே போடறியா?

— போட்டாச்சு, இந்தா. உன் பத்தி பதினோரு வரி. மிச்சம் மூணு வரி இருக்கு. அதுல இதையும் சேர்த்துக்கச் சொல்லு.

— எதை?

— அப்பா அன்னிக்கு இதழை மடிச்சுக் கொடுத்துட்டுச் சொன்னதை. "சாப்பாடு யாருக்குன்னு அந்தப் பொண்ணு திரும்பத் திரும்பக் கேட்டுச்சுப்பா, நான்தான் சொல்லல. நீதானே திருத்தறே, கடைசியில உன் பேரை நீயே எழுதிக்குவேன்னு விட்டு வச்சேன்."