வாசலில் சொன்ன சொல்

— அப்ப, அனீஸு செத்துட்டான்னு எழுதுனது எங்க ஆபீசு தப்புங்கிறீங்க. அப்படித்தானேக்கா?

— வேற யாரு தப்பு கனகலட்சுமி? பெத்தவ நானா எழுதுனேன்? கைகாலு வெளங்காதவுக வீடு வீடா நீயிதானே போயி வாரே. எம்புள்ளைய மட்டும் எப்படி விட்டே?

— நான் அப்பப் பேறுகால லீவுல இருந்தேன்க்கா. எனக்குப் பதிலா காளீஸ்வரன் சாருதான் வந்தாரு. உதவிப்பணம் வாங்குறவுக உசுரோட இருக்காகளான்னு வருசா வருசம் நேர்ல வந்து பாக்குறது உங்களுக்குத் தெரியாததா? பாளையம்பட்டிக்குப் போனேன், வாசல்லயே நிப்பாட்டி ஆளு போயாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாகங்கிறாரு.

— யாரு சொன்னாகளாம்?

— அதை நீங்கதான் சொல்லணும்.

— பக்கத்துல யாராச்சும் சொல்லியிருப்பாக. தெருவுல வாய்க்கு என்ன பஞ்சம்?

— சரி விடுங்க. மொதல்ல புள்ளையப் பாப்போம். முன் ரூம்புலதானே கட்டில் கெடக்கும்? காணோமே.

— இப்பப் பின்னால மாத்தியாச்சு. அரிசி மூட்டை வைக்கிற ரூம்புல. குனிஞ்சு வா, நெலை தட்டும்.

— அனீஸு, என்னப்பா, என்னையத் தெரியுதா? சிரிக்கிறான் பாருங்க. அய்யய்யோ, என்னக்கா இது? காலு ரெண்டும் இப்படிப் பின்னிக்கிட்டுக் கெடக்கு.

— எக்சர்சைஸ் குடுக்க வந்த செல்வலட்சுமி நல்லா நீவி, மடக்கி, செவத்துல சாஞ்சு உக்காருற வரைக்கும் கொண்டாந்துச்சு. ஆளே இல்லைன்னு எழுதுனபெறகு அது எதுக்கு வரப்போகுது? நானும் எண்ணெயப் போட்டு நீவத்தான் செய்யிறேன். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். வாயில பேச்சு இருந்தா எங்க வலிக்குதுன்னு சொல்லுவான். கத்த மட்டுந்தான் தெரியுது.

— மாசாமாசம் வந்த உதவியும் நின்னுபோச்சு. இம்புட்டு நாளும் ஏன்க்கா ஆபீசுப் பக்கம் வரல? தெருமுக்குல ஏறுனா டவுனு பஸ்ஸு. ஒரு எட்டு வந்து, எம்புள்ள உசுரோட இருக்கான்யான்னு சத்தம் போட வேணாமா?

— வந்தா கேப்பாகள்ல.

— என்னத்த?

— செத்துட்டான்னு யாரு சொன்னதுன்னு.

— ஹலீமாக்கா.

— நான்தான் சொன்னேன்.

— நீங்களா?

— அன்னைக்கு எம்மக ஃபாயிஸாவப் பொண்ணு பாக்கத் திருச்சுழியில இருந்து வந்திருந்தாக. கூடம் நெறைய ஆளு. இவனைத் தூக்கியாந்து இங்கன போட்டுக் கதவைச் சாத்திட்டோம். மின்ன வந்த எடமெல்லாம் இவனைப் பாத்துட்டுத்தான் தட்டிப்போச்சு. பொறக்குற புள்ளைக்கும் இப்படி வருமோன்னு பயப்படுறாக. இவங்க அத்தா சவூதியில இருந்து போனு மேல போனு, இந்த எடத்தை விட்டுறாதேன்னு. அந்த நேரம் பாத்து உங்க சாரு வாசல்ல வந்து நின்னு, முகம்மது அனீஸ் வீடு இதுதானேங்கிறாரு. மாப்பிள்ளையப் பெத்தவுக தலையத் தூக்கிப் பாக்குறாக. அவன் மௌத்தாயிட்டான், போங்கன்னுட்டேன்.

— வேற எதுவுமே வாயில வரலையாக்கா? ஆஸ்பத்திரியில இருக்கான், சொந்தக்காரவுக வீட்ல இருக்கான்னு?

— வரல. அதுதான் வந்துச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் இவன் கெடக்கான். காது இவனுக்கு நல்லாக் கேக்கும். அன்னையில இருந்து தொழுதுட்டுக் கையேந்துனா நாக்கு ஒட்டிக்கிடுது. எம்புள்ளைக்கு ஆயுசக் குடுன்னு எந்த வாயால கேப்பேன்?

— சரி விடுங்க, அழுவாதீங்க. செய்ய வேண்டியதைப் பேசுவோம். உசுரோட இருக்கான்னு நீங்க சொல்லணும். இந்த வீட்ல இருக்காத ஒருத்தரும் பாத்துச் சொல்லணும்.

— வெளியாளா? தெருவுக்கே தெரியும், பொம்பளப்புள்ள காரியம்னு எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு இருக்காக. ஒருத்தரை இழுத்தாந்து ஆபீசுல சொல்ல வச்சோம்னா பொழுது சாயுறதுக்குள்ள சேதி திருச்சுழிக்குப் போயிரும். அவ இப்ப மாசமா இருக்கா. கூடப்பொறந்தவனை மறைச்சுக் கட்டிக்குடுத்தாகன்னு கொண்டாந்து விட்டுட்டா? கொஞ்சம் பொறு. அவ பெத்துப் பொழைக்கட்டும்.

— நான் பொறுப்பேன்க்கா. இந்தக் காலு பொறுக்காது. இன்னும் இறுகுச்சுன்னா செல்வலட்சுமி வந்தும் ஒண்ணும் ஆகாது. பெறகு ஆயுசுக்கும் படுக்கைதான்.

— அவளைப் பாக்கவா, இவனைப் பாக்கவா? ரெண்டும் நான் பெத்ததுதானே.

— ஒருக்கா அவளைப் பாத்துட்டீங்க.

— ஆமா. பாத்துட்டேன்.

— மனசுல பட்டதைச் சொல்லிட்டேன். கோவிச்சுக்கிறாதீங்க.

— கோவிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? எழுதிக்க. எம்புள்ள உசுரோட இருக்கான். மௌத்துன்னு சொன்னது அவனப் பெத்தவதான்னும் சேத்து எழுது. பக்கத்து வீட்டுச் சங்கரலிங்கம் அண்ணனைக் கூப்பிடுறேன். வாரது வரட்டும்.

— அவரு வேணாம்க்கா. நேர்ல பாத்த ஆளு ஏற்கெனவே ஆபீசுக்கு வந்து சொல்லியாச்சு. அதைக் கேட்டுத்தான் நான் இங்க வந்ததே. நீங்களாச் சொல்ற வரைக்கும் தன் பேரை எடுக்கக் கூடாதுன்னாக.

— யாரு அது?

— உங்க மருமகன் சபீரு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் கை கழுவப் பின்னால வந்திருக்காக. முனகுற சத்தம் கேட்டுக் கதவைத் தெறந்து பாத்திருக்காக.

— அல்லாவே. தெரிஞ்சா கட்டுனாக? பெறகு எதுக்கு இம்புட்டு நாளும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?

— கேட்டா, தன்கிட்டயும் மௌத்துன்னு சொல்லிருவீகளோன்னு பயமா இருந்துச்சாம்.