ஒருவர்கூட விலகாத குழு

படிக்க வயது ஒரு தடையில்லை என்று சொல்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள் மேடம், பெரும்பாலும் அவர்கள் சின்ன வயதிலேயே படித்து முடித்தவர்களாக இருப்பார்கள். வயதான பிறகு படிக்கிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்குக் கண் எரியும், இடுப்பு வலிக்கும், பெற்ற பிள்ளைகளே கேலி செய்யும். மூன்றாவது பாடம் வருவதற்குள் புத்தகத்தைத் தூக்கி அலமாரி மேல் போட்டுவிடுவார்கள்.

அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தில் மாணவர் உதவி அலுவலராக நான் சேர்ந்தபோது நிலைமை இதுதான். தொழில் நிர்வாகத்தில் ஓராண்டு டிப்ளமோ. சேருகிறவர்களில் பாதிப் பேர் தேர்வுப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். தன்னந்தனியாகப் படிப்பதால்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள், எல்லோரையும் கைபேசியில் ஒரு குழுவாகச் சேர்த்துவிடு, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால் நிலைத்து நிற்பார்கள் என்றார். நல்ல யோசனை. இன்றைக்கும் நான் அதில் குறை சொல்ல மாட்டேன்.

குழுவைத் தொடங்கினேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. காலையில் யாராவது ஒரு பூப்படம் அனுப்புவார்கள், மற்றவர்கள் கும்பிடு போடுவார்கள், அதோடு சரி. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று நான் எழுதினால் அந்தப் பூவும் வராது. தலை நரைத்தவர்களுக்கு, தெரியாததைத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்வது அவ்வளவு கஷ்டம். யாராவது ஒருவர் முதலில் அசடு வழிய வேண்டியிருந்தது. ஆள் கிடைக்காததால் நானே ஒருவரை உண்டாக்கினேன்.

லாரிக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தேன். படத்துக்கு என் மச்சானைப் பயன்படுத்திக்கொண்டேன். என் மனைவியின் தம்பி. வேலை தேடுகிறேன் என்று எங்கள் வீட்டில் வந்து தங்கியவர், தேடுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ஆனால் நல்ல மீசை. சுற்றுலா போன இடத்தில் யாருடைய லாரியிலோ சாய்ந்துகொண்டு எடுத்த படம் ஒன்று இருந்தது. அதில் அவர் முகத்தில் உழைப்பு தெரிந்தது.

லாரிக்காரர் சேர்ந்த அன்றே, வருமானத்துக்கும் லாபத்துக்கும் என்ன வித்தியாசம், இரண்டும் கைக்கு வருவதுதானே என்று கேட்டார். குழு சட்டென்று விழித்துக்கொண்டது. ஆளாளுக்கு விளக்கம். மறுநாள் அவர் அதையே தப்பாகப் புரிந்துகொண்டு வந்து நின்றார். சளைக்காமல் மறுபடி சொல்லிக்கொடுத்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்தே எல்லோரும் பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். அந்த வருடம் லாரிக்காரரைத் தவிர அத்தனை பேரும் தேறினார்கள்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். முடிவு வந்த வாரமே ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து விலகினார்கள். நன்றி சார், வருகிறேன் சார். கடைசியில் நானும் லாரிக்காரரும் மட்டும் மிஞ்சினோம். அவர் சார்பில் எனக்கு நானே ஒரு வணக்கம் அனுப்பிப் பார்த்தேன். நன்றாக இல்லை.

பாடம் கடினமாக இருந்து ஒருவர் போனாலும் போனதுதான், தேறிப் போனாலும் போனதுதான். முதலாவதைத் தடுக்க என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அடுத்த அணியில்தான் தையல்கார அக்கா வந்தார். சொந்தக் கடை, இரண்டு மெஷின், ஒரு மகள். டிப்ளமோ கிடைத்தால் பயிற்சி மையத்தில் ஆசிரியை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கும் அந்த அணிதான். இதைத் தேறினால் கூண்டுக்குள் இறங்கும் வேலை போய், மேற்பார்வையாளர் நாற்காலி. இவர்களோடு இன்னும் சிலர். லாரிக்காரரிடம் இவர்கள் வைத்த பாசத்தை என்னவென்று சொல்வது? அவர் மழையில் மாட்டிக்கொண்டேன் என்று எழுதினால் அக்கா தூங்க மாட்டார்.

எங்கள் நிறுவனத்தில் ஆள் பற்றாக்குறை. திருத்தி வருகிற மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுவதும் என் வேலைதான். அந்த அணியும் ஒருவர் பாக்கியில்லாமல் தேறியிருந்தது. நான் திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆளுக்கு ஒரு பாடத்தில் மட்டும் குறைத்தேன். மனசு கேட்காததால் அதிகம் குறைக்கவில்லை.

அன்று குழுவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒருவர் கண்ணீரை இன்னொருவர் துடைத்தார். மெக்கானிக் எல்லாவற்றையும் விட்டுவிடப் போவதாகச் சொன்னார். லாரிக்காரர் அவரோடு பொறுமையாகப் பேசி, அடுத்த வருடம் சேர்ந்தே எழுதுவோம் என்று சம்மதிக்க வைத்தார். இயக்குநர் அதைப் படித்துவிட்டு, போன இடத்திலெல்லாம் எங்கள் குழுவைப் பற்றியே பேசினார். ஒருவர்கூட விலகாத ஒரே குழு என்று வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் அவர்கள் எழுதினார்கள், தேறினார்கள், நான் குறைத்தேன். தையல்கார அக்கா சேரும்போது அவர் மகள் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் பட்டம் வாங்கி எங்கள் நிறுவனத்திலேயே ஆசிரியை. அம்மாவுக்கு முதல் பாடத்திலிருந்து அவளே நடத்தினாள். நன்றாகத்தான் நடத்தினாள். பயிற்சி மையத்து வேலை யாருக்கோ போய், அந்த ஆளும் ஓய்வு பெற்றுவிட்டார்.

மெக்கானிக்கின் கீழ் வேலை பழகிய பையன்கள் அவருக்கே மேற்பார்வையாளர்களாக வந்தார்கள். அவர் தொடர்ந்து கூண்டுக்குள் இறங்கினார். ஒரு நாள் பிடி நழுவி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அந்த வாரம் வந்த செய்திகளைப் போல முன்னும் பின்னும் வந்ததில்லை. முறை போட்டுக்கொண்டு மருத்துவமனையில் துணைக்கு இருந்தார்கள். நான் கட்டிய குழுவின் ஆகச் சிறந்த வாரம் என்று அதைத்தான் சொல்வேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், மருத்துவமனையில் நேரில் பழகிய ருசியில், அடுத்து லாரிக்காரரைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். அவர் ஊர் ஊராகச் சுற்றுகிறார் என்று எவ்வளவு நாள் சொல்வது? வண்டி எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் நிற்கிறோம் என்றார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாரடைப்பு என்று எழுதினேன். தூக்கத்திலேயே, வலியில்லாமல்.

இரங்கல் கூட்டம் வைத்தே ஆகவேண்டும் என்று அக்கா அடம்பிடித்தார். நிறுவனத்தின் மாடி அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, லாரியில் சாய்ந்த படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். மெக்கானிக் கைத்தடியோடு வந்தார். எல்லோரும் எழுந்து நின்று தலைகுனிந்திருந்தபோது கதவு திறந்தது. நான் வீட்டில் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவர என் மனைவி மச்சானை அனுப்பியிருந்தாள்.

அவர் படத்தைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். அக்காதான் பேசினார்.

"அண்ணே, நீங்க செத்துட்டீங்களே."

மச்சான் யோசித்தார். "என்கிட்ட யாரும் சொல்லலீங்களே."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாமா, அக்கா வர்றப்போ சோப்பு வாங்கிட்டு வரச் சொன்னா" என்றார். கண்ணாடியை என் கையில் கொடுத்தார். மாமாவா என்று யாரோ கேட்டார்கள். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். லாரிக்காரர் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை, உங்களுக்காகத்தான் அவரை வைத்திருந்தேன் என்றேன். தையல்கார அக்கா உட்கார்ந்துவிட்டார். செத்தவருக்காக அழுததைவிட, இல்லாதவருக்காக அதிகமாக அழுதார்.

மெக்கானிக் மட்டும் அழவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"அவரு பொய்னா, எங்க மார்க்கு?"

கேட்டவிதம் மரியாதையாகத்தான் இருந்தது. ஒரு மாணவர் சந்தேகம் கேட்கும்போது மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. "நீங்க முதல் வருஷமே பாஸ்" என்றேன். "எல்லாருமே. நல்ல மார்க்கு."

அவர் தன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அக்காவின் மகள்தான் கைபேசியை எடுத்து உங்கள் போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிட்டாள்.

ஆக, மதிப்பெண்ணைக் குறைத்தது நான்தான். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொருவருக்கும், தெரிந்தே குறைத்தேன். அந்த மனிதர் விழுந்ததும் என்னால்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் மறுக்க மாட்டேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். எனக்கு எதிராக அவர்கள் புதிதாக ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார்களாம், மச்சான் சொன்னார். அவரையும் சேர்த்துக்கொண்டார்களாம். வக்கீல் யார், யார் முதலில் சாட்சி சொல்வது என்று பகலெல்லாம் பேச்சாம். மெக்கானிக் இவ்வளவு பேசி யாருமே பார்த்ததில்லையாம். கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் இப்படி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டால் வழக்கு சட்டென்று முடிந்துவிடும். முடிந்தால் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். பாவம், அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதனால் நீதிமன்றத்தில் இது எதுவும் நான் சொன்னதில்லை என்று மறுத்துவிடலாம் என்றிருக்கிறேன். கவனமாக இழுத்தால், நல்லபடியாகப் பல வருடம் போகும்.