ஒரு லிட்டரில் எவ்வளவு மண்

காலை ஏழு மணிக்கு ஆற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் மொள்வேன். வடிகட்டி, தாளில் தங்கும் மண்ணைக் காயவைத்து எடை போடுவேன். பதினெட்டு வருஷமாக இதுதான் என் வேலை, ஐயா. ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை.

எங்கள் ஆறு பரம சாது. மேலே மலைச்சரிவில் புல்லும் மரமும் மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தன. தாளில் ஒரு சிட்டிகை மண் தங்கினாலே அதிகம். புதிதாக வந்த பொறியாளர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தெளிஞ்ச தண்ணியில என்னய்யா அளக்கிறீங்க? அடுத்த மாசத்தோட இந்த அளவு நிலையத்தை மூடிடலாம்." அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது.

மழைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பட்டப்பகலில் சரிவுக்குப் போய் ஒரு தீக்குச்சி கிழித்தேன். மூன்று நாள் எரிந்தது. எரிந்த மண் தண்ணீரை உள்ளே வாங்காது. பிடித்துவைக்க வேரும் இல்லை, சருகும் இல்லை. பெய்வதெல்லாம் மண்ணை வாரிக்கொண்டு ஆற்றுக்குத்தான் வரும். பொறியாளருக்கு இது தெரியாவிட்டால் அது என் குற்றமா?

முதல் மழையிலேயே வந்தது. கறுப்பாக, கூழ் மாதிரி.

ஆறு கலங்கினால் கீழே இருக்கும் பம்ப் அறைக்கு நான் போன் செய்ய வேண்டும். பள்ளத்தில் இருக்கும் அறை அது. என் போன் வந்தால்தான் பம்பை நிறுத்திவிட்டு ஆள் மேலே ஏறுவார். அங்கே வேலை பார்த்தவர் என் தங்கையின் கணவர். ஆனால் முதல் அலையில்தான் மண் அதிகம். ஐந்து நிமிஷம் தவறினால் கணக்கு இறங்கிவிடும். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினேன்.

நாலாவது பாட்டிலின்போது அவரே கூப்பிட்டார்.

"மச்சான், பம்ப் திணறுது. மேல ஏதாவது வருதா?"

"கொஞ்சம் இருங்க மாப்ள. கை வேலையா இருக்கேன், முடிச்சிட்டுச் சொல்றேன்."

ஆறு பாட்டிலுக்கும் சீட்டு ஒட்டிவிட்டுத்தான் கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. மறுநாள் கூரைவரை நின்ற சேற்றைத் தோண்டி அவரை எடுத்தார்கள்.

தீ வைத்தவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையை இருக்கச் சொன்னதும் நான்தான். அதற்காகத் தலைகுனிய மாட்டேன். லிட்டருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கிராம், ஐயா. இந்த ஆற்றில் எவனும் பார்த்திராத அளவு. நிலையத்தை மூடும் பேச்சே இப்போது இல்லை.

தங்கைதான் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். யாராவது அந்த அளவை அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள்.