கொடைப் பானை

மஞ்சள் தண்ணீர் கொதிக்கிற வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், சார். நான் குர்லாவில் லேத் பட்டறை ஆள். நாள் பூராவும் ஆயில் நாற்றம். வருஷத்துக்கு ஒரு தரம், தாராவியில் எங்கள் ஆட்கள் இசக்கியம்மனுக்குக் கொடைத் திருவிழா நடத்தும்போதுதான் மூக்குக்கு நல்லது கிடைக்கும். கோயில் முன்னால் அந்தப் பானைக்குத் தீ போடுவது என் வேலை.

அதில் ஒரு பக்குவம் உண்டு. அருள் வந்த சாமியாடி ஓடிவந்து, கொதிக்கிற பானையில் கமுகம்பாளையை முக்கி, தலைவழியே அடித்துக்கொள்வார். மேளம் உச்சத்துக்குப் போகிற நேரம் நான் விறகை இழுத்துவிட்டு ஒரு குடம் பச்சைத்தண்ணீர் ஊற்றிவிடுவேன். நுரை அப்படியே நிற்கும், சூடு இறங்கிவிடும். இது எனக்கும் சாமியாடி பிரம்மநாயகம் அண்ணாச்சிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அம்மன் கோபித்துக்கொண்டதில்லை.

என் மகள் தமன்னாவுக்கு எட்டு வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டதும் தானாகச் சிரித்தாள். பெற்றவளைப் பார்த்து, "நீ யாரு?" என்றாள். கை முறுக்கிக்கொண்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கி வீங்கவைக்கிற நோயாம். அண்ணாச்சி திருநீறு போட்டு, "இசக்கி இறங்கியிருக்கா. கொடை வரைக்கும் பொறு," என்றார். பொறுத்தோம். கொடை வருவதற்குள் பிள்ளைக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அப்புறம்தான் ஊசி, ஐசியூ எல்லாம். ஆண்டாப் ஹில்லில் ரூம் வாங்கச் சேர்த்த பணம் போயிற்று. என் மனைவி விஜயலட்சுமியின் தாலிக்கொடி போயிற்று. தாமதமாக வந்துவிட்டீர்கள் என்றார்கள் டாக்டர்கள். இப்போது தமன்னாவுக்குப் பதினொரு வயது. சோற்றைக் குழைத்து ஊட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். விஜயலட்சுமி வேலையை விட்டுவிட்டாள். வலிப்பு மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நிற்கும்போதெல்லாம் அண்ணாச்சியின் முகம் கண்ணில் நிற்கும். 

நான் அவசரப்படவில்லை. அதற்கப்புறம் வந்த இரண்டு கொடைக்கும் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினேன். இந்த வருஷம் கொடை வரி கேட்டு வீட்டுக்கு வந்தார். பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, "வரிய பாக்கி வைக்காத கணேசா. பிள்ளைக்கு நல்லாயிரும்டே," என்றார். வரியைக் கொடுத்தேன். காப்பியும் கொடுத்தேன்.

கொடையன்று குடத்தை நிறைத்துப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மேளம் ஏறியதும் விறகை உள்ளே தள்ளினேன். ஓடிவரும்போது அண்ணாச்சி எப்போதும்போல் என் முகத்தைப் பார்த்தார். நானும் எப்போதும்போல் தலையசைத்தேன். பெண்களின் குலவைச் சத்தத்தில் அவர் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. இந்த வருஷம் அருள் ஜாஸ்தி என்று எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

அவர் மனைவி ராஜலக்ஷ்மி மதினி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என்னிடம் வந்தாள். கொடை நடத்துகிற எங்கள் சங்கத்தில் வைத்தியத்துக்கென்று ஒரு நிதி உண்டு, செயலாளர் நான்தான்.

"தம்பி, டெபாசிட் கட்டுனாத்தான் தோல் வச்சுத் தைப்பாங்களாம். சங்கத்துல இருந்து குடுங்க தம்பி," என்றாள்.

"திருநீறு போடுங்க மதினி. அடுத்த கொடை வரைக்கும் பொறுங்க," என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வந்த வழியே திரும்பிப் போனாள். போன வியாழக்கிழமை அண்ணாச்சி இறந்துவிட்டார். தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன் என்று சங்கத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். மறக்கவில்லை, சார். தெரிந்தேதான் செய்தேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. அன்று திருநீறுக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோது அண்ணாச்சி முதலில், "இது சீக்குடே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ," என்றுதான் சொன்னார். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்துதான் வந்திருந்தோம். உடனே ஊசி போட வேண்டும், இரண்டரை லட்சம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரூம் பணம் பாங்கில் அப்படியே இருந்தது. "இசக்கியாத்தான் இருக்கும், நல்லாப் பாருங்க அண்ணாச்சி," என்று நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அவர் "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும், சார்.